விபத்தில் அடிபட்டவருக்காக ஊர் கூடி நிதி திரட்டுவது எப்படி?

சாலை விபத்தில் அடிபட்ட ஒருவருக்காக ஊரார் பணம் திரட்டத் தொடங்குவது பெரும்பாலும் விபத்து நடந்த முதல் இரண்டு மூன்று நாட்களில்தான். அப்போது எல்லோருடைய மனமும் பதறிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி பரவும். கேள்விப்பட்டவர்கள் இருந்த இடத்திலிருந்தே ஜிபேயில் பணம் அனுப்புவார்கள். ஆனால் தொடை எலும்பு முறிவு, தலைக்காயம், முதுகுத்தண்டுப் பாதிப்பு போன்றவற்றில் குடும்பத்தின் கையிருப்பு கரைவது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான். சம்பாதித்தவர் படுக்கையில் இருப்பார். அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பார். இயன்முறைச் சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் வண்டி வைத்துப் போய்வர வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ஊராருக்கு அந்தச் செய்தி பழையதாகியிருக்கும். ஆகவே நிதி திரட்டுகிறவர்கள் முதல் நாளிலேயே குறைந்தது ஆறு மாதத்தை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதே நான் இங்கே வலியுறுத்த விரும்புவது. தமிழ்நாட்டில் உள்ள நடைமுறைகளை ஒட்டி எழுதுகிறேன்.

கேட்பதற்கு முன், சேர வேண்டியதைப் பெறுங்கள்

பிறரிடம் கை நீட்டுவதற்கு முன்னால், அடிபட்டவருக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியவை என்னென்ன என்று ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்த வேலையைப் படித்த இளைஞர் ஒருவரிடம் தனியாக ஒப்படைத்துவிடுவது நல்லது. மருத்துவமனையில் நிற்கும் குடும்பத்தாருக்கு இதற்கான நிதானம் இருக்காது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், இந்த மாநிலத்தில் சாலை விபத்துக்கு உள்ளாகும் எவருக்கும், அவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளும் இதில் அடங்கும். தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஒன்றிய அரசும் 2025 மே மாதத்தில் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி, குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்களுக்கு, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் சிகிச்சை பெறலாம். அதற்குப் பின் நீளும் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் கிடைக்கும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் ஐயங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

பிறகு அடிபட்டவரின் வங்கி பாஸ்புக்கை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை 20 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடாக இருக்கும். விபத்தில் இறந்தாலோ முழுமையான நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம் என்று அதில் தொகை உண்டு. அப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. வண்டி அவருடையதாகவே இருந்து, அவரே ஓட்டியிருந்தால், வண்டிக் காப்பீட்டுடன் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டுமானத் தொழிலாளர், ஓட்டுநர், தையல்காரர் என்று ஏதேனும் ஒரு நல வாரியத்தில் பதிந்தவராக இருந்தால், அந்த அட்டையையும் தேடி எடுங்கள். ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்படும் வேலையில் இருப்பவரென்றால் நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாத வழக்குகளில், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி, கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் இழப்பீடு உண்டு. வண்டி எதுவென்று தெரிந்த வழக்குகள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். சட்டத்திருத்தத்துக்குப் பின் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று இருப்பதால், வழக்கறிஞரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். இழப்பீடு கைக்கு வர ஆண்டுகள் ஆகலாம்; ஊரார் திரட்டும் பணம் நிரப்ப வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மருத்துவமனை ரசீதுகள், மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் கட்டண ரசீதுகள், ஆம்புலன்ஸ் மற்றும் வாடகைக் காருக்குக் கொடுத்த ரசீதுகள் ஆகிய எல்லாவற்றின் அசலும் அடிபட்டவரின் பெயரில் குடும்பத்தாரிடமே இருக்க வேண்டும். நிதிக் குழு நகல்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். நன்கொடையாளர்களுக்குக் காட்டுவதற்காக அசலை வாங்கிப் போய்த் தொலைத்துவிட்டால், தீர்ப்பாயத்தில் அந்தச் செலவை மெய்ப்பிக்க வழியில்லாமல் போகும். மருந்துக்கடை ரசீதில் அச்சு சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே நகலெடுத்து அசலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

எவ்வளவு தேவை?

“முடிந்ததைக் கொடுங்கள்” என்று கேட்பதைவிட, இன்ன செலவுக்கு இவ்வளவு வேண்டும் என்று கேட்பது நேர்மையானது; கொடுப்பவருக்கும் அது தெளிவு. மருத்துவமனையில் மதிப்பீட்டுக் கடிதம் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு, காப்பீட்டில் கழிந்தது போக மீதி என்ன என்று கணக்கிடுங்கள். அடுத்து, குடும்பத்தின் மாதச் செலவை அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள்: வாடகை, மளிகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஏற்கெனவே உள்ள குழுக்கடன் தவணை, நகைக்கடன் வட்டி. மகளிர் குழுத் தவணையைச் சொல்ல வீட்டுப் பெண்கள் கூச்சப்படுவார்கள். ஆனால் வாரந்தோறும் வாசலில் வந்து நிற்பது அந்தத் தவணைதான். எனவே குழுவில் ஒரு பெண் இருந்து அக்கறையோடு கேட்டால் மட்டுமே உண்மையான தொகை தெரியவரும். மூன்றாவதாக, குணமாகும் காலச் செலவு: இயன்முறைச் சிகிச்சை, போக்குவரத்து, நடைச்சட்டம், சக்கர நாற்காலி, நீண்ட நாள் படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்றுப் படுக்கை, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, மேற்கத்திய பாணிக் கழிப்பிருக்கை. இடுப்பும் தொடையும் முறிந்தவர் மருத்துவர் சொல்லும் வரை காலை ஊன்றக் கூடாது. தரையோடு அமைந்த கழிப்பறை உள்ள வீட்டில் அது எத்தனை பெரிய இடர் என்பதைப் பார்த்துக்கொண்டவர்கள் அறிவார்கள்.

இந்த மூன்றையும் கூட்டி வரும் தொகையே இலக்கு. அதில் மருத்துவமனைப் பங்கை மட்டும் உடனே திரட்டுங்கள். மற்ற இரண்டையும் மாதத் தவணையாகக் கேட்கலாம். ஒரே தடவையில் 3,000 ரூபாய் தர இயலாத ஒருவர் மாதம் 500 ரூபாய் வீதம் ஆறு மாதம் தருவார். அப்படி 80 பேர் ஒப்புக்கொண்டால் 2,40,000 ரூபாய் சேரும். மாதந்தோறும் அந்த வீட்டுக்கு 40,000 ரூபாய் போய்ச்சேரும். மொத்தமாக வந்த பணம் பழைய கடனை அடைக்கவே போய்விடுவதும், நான்காம் மாதத்தில் மருந்துக்குக் கைமாற்று வாங்குவதும் இதனால் தவிர்க்கப்படும்.

யார் பெயரில், யார் பொறுப்பில்?

மூன்று பேர் பொறுப்பேற்பது போதுமானது: குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், ஊரில் எல்லாத் தரப்பினரும் நம்புகிற ஒருவர், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர். ஓய்வுபெற்ற ஆசிரியரோ, கூட்டுறவுச் சங்கத்திலோ அஞ்சலகத்திலோ வேலை பார்த்தவரோ கணக்குக்குக் கிடைத்தால் மிகவும் நல்லது. ஏதேனும் ஒரு கட்சிக்கோ சாதிச் சங்கத்துக்கோ உரியதாக இந்த முயற்சி தோன்றிவிட்டால், கொடுக்க நினைத்த பாதிப் பேர் ஒதுங்கிக்கொள்வார்கள் என்பதால், துண்டறிக்கையில் கொடி, சின்னம், தலைவர் படம் எதுவும் வேண்டாம்.

பணம் ஒருங்கிணைப்பாளரின் சொந்தக் கணக்குக்கு வரக் கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் அது அவருடைய வருமானமாகப் பார்க்கப்பட இடமுண்டு. ஊரிலும் பேச்சு வரும். அடிபட்டவர் நினைவோடு இருந்து கையெழுத்திட முடியுமானால் அவர் பெயரிலும் மனைவி அல்லது பெற்றோர் பெயரிலும் கூட்டாக ஒரு புதிய சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். அவர் நினைவின்றி இருந்தால், அவருடைய கணக்குக்குப் பணம் போனால் எடுக்க முடியாமல் சிக்கிக்கொள்ளும். அப்போது மனைவி அல்லது பெற்றோரின் கணக்கே சரி. கணக்கு தொடங்கிய அன்றே கிளை மேலாளரைச் சந்தித்து, இன்ன காரணத்துக்காகப் பலரிடமிருந்தும் சிறு தொகைகள் வரவிருக்கின்றன என்று ஒரு கடிதத்தை மருத்துவ ஆவணங்களின் நகலோடு கொடுத்துவிடுங்கள். திடீரென்று நூற்றுக்கணக்கானோர் பணம் போடும் கணக்கை ஐயத்தின்பேரில் வங்கி முடக்கி வைத்தால், பணம் தேவைப்படும் நாளில் கை கட்டப்பட்டுவிடும்.

மருத்துவமனைக்குக் கட்ட வேண்டிய பெரிய தொகையை உள்நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனையின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செலுத்தலாம். மருத்துவமனைகளுக்கு யு.பி.ஐ. வழியாக ஒரு பரிவர்த்தனையில் 5 லட்சம் ரூபாய் வரை செலுத்த ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அனுமதி அறிவித்தது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் தடை விதிப்பதால், பையில் பணத்தைக் கட்டிக்கொண்டு போவது எப்படியும் உதவாது.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் பெறும் அன்பளிப்பின் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அத்தொகை அவருடைய வருமானத்தில் சேர்க்கப்படும் என்ற விதியும் இருக்கிறது. பெரிய தொகை எதிர்பார்த்தால் ஓர் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் தரும்போதும் ஒரு வேறுபாடு உண்டு. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் ஊரில் பிறந்தவரே ஆனாலும், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். நெருங்கிய உறவினராக இருந்தால் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தெரிவிக்காமலே பெறலாம். உறவினர் அல்லாதவரென்றால், அந்தச் சட்டப்படி பதிவு செய்த அறக்கட்டளை வழியாக உதவச் சொல்வதே பாதுகாப்பு.

வேண்டுகோளை எழுதும் முறை

அடிபட்டவர் குழாய்களோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் படத்தைப் பரப்பாதீர்கள். அவர் எழுந்து நடமாடும் காலத்தில், அவருடைய பிள்ளைகளின் கைப்பேசிக்கு அந்தப் படம் திரும்ப வரும். வேண்டுமானால் அவர் நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த படத்தை, அவருடைய அல்லது குடும்பத்தாரின் ஒப்புதலோடு போடலாம். ஆதார் எண்ணும் வீட்டு முகவரியும் வேண்டாம். விபத்துக்கு யார் காரணம் என்று ஒரு சொல்லும் எழுதக் கூடாது. வழக்கு நிலுவையில் இருக்கும், அந்த வாக்கியம் எதிர்த்தரப்பின் கையில் போய்ச் சேரும்.

இப்படி எழுதினால் போதும்:

“எங்கள் தெருவில் வசிக்கும் 34 வயது எலக்ட்ரீஷியன் ஒருவர் பிப்ரவரி 9 அன்று நடந்த சாலை விபத்தில் இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிந்து சிகிச்சையில் இருக்கிறார். அறுவை சிகிச்சைச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆறு மாதங்களுக்கான இயன்முறைச் சிகிச்சை, போக்குவரத்து, வீட்டுச் செலவு, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கு 2,40,000 ரூபாய் தேவை. மாதம் 500 ரூபாய் வீதம் ஆறு மாதம் தர 80 பேரை எதிர்பார்க்கிறோம். புதிதாகப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 31. கணக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்தக் குழுவில் வெளியிடப்படும்.”

காப்பீடு எவ்வளவு கிடைத்தது என்பதை மறைக்காமல் எழுதுவது மிக முக்கியம். பின்னால் தெரியவந்தால், உண்மையிலேயே தேவை இருந்தும் நம்பிக்கை உடைந்துவிடும். நாளும் கெடுவும் குறிப்பிடாத வேண்டுகோள்கள் ஆண்டுக்கணக்கில் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நோயாளி குணமாகி வேலைக்குப் போன பிறகும் பணம் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. கியூஆர் குறியீட்டை மட்டும் மாற்றி ஒட்டிப் பணம் பறிக்கிறவர்களும் உண்டு என்பதால், பணம் அனுப்புமுன் திரையில் தோன்ற வேண்டிய, கணக்கு வைத்திருப்பவரின் பெயர் எதுவென்று வேண்டுகோளிலேயே எழுதிவிடுங்கள். மிலாப், கெட்டோ, இம்பாக்ட் குரு போன்ற இணையத் தளங்கள் வழியாகக் கேட்பதானால், கட்டணமாகவும் ‘டிப்’ என்ற பெயரிலும் எவ்வளவு கழிகிறது என்பதை முதலில் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர் மக்களை எட்ட அவை உதவும். ஒரு லட்சம் இரண்டு லட்சத்துக்கு ஊரும் நண்பர்களும் போதும் என்பது என் கருத்து.

மொய் விருந்து வைத்துத் திரட்டுவதானால்

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் ஆடி மாதம் பிறந்தால் மொய் விருந்துக் காலம். கறிச்சோறு போட்டு, மொய் நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் எழுதி வாங்கி, அந்தப் பணத்தைத் தொழிலுக்கோ திருமணத்துக்கோ பயன்படுத்துவார்கள்; பின்னர் அவரவர் விருந்து வைக்கும்போது கணக்குப் பார்த்துத் திருப்பிச் செய்வார்கள். பிறர் துன்பத்துக்கு உதவவும் இந்த முறை பயன்பட்டிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சிதைத்தபோது அமெரிக்கத் தமிழர்கள் மொய் விருந்து நடத்தி நிதி சேர்த்தார்கள். 2024இல் வயநாட்டு நிலச்சரிவுக்குப் பின், புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தேநீர்க்கடையிலும் திண்டுக்கல்லில் ஓர் உணவகத்திலும் வந்தவர்கள் குடித்ததற்கும் உண்டதற்கும் விலை பாராமல், மனம் விரும்பிய தொகையை வைத்துவிட்டுப் போனார்கள்.

அடிபட்டவருக்காக இப்படி ஒரு விருந்து வைப்பது மிக நல்ல வழி. கைப்பேசியில் பணம் அனுப்பத் தெரியாத முதியவர்களும், தனியாக வந்து 100 ரூபாய் கொடுக்கக் கூச்சப்படுகிறவர்களும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மனநிறைவோடு கொடுப்பார்கள். ஆனால் ஒன்றை அழைப்பிலேயே தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: இது திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யா, திரும்ப எதிர்பார்க்காத உதவியா? மொய்யென்று நோட்டில் ஏறிவிட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கு அந்தக் குடும்பம் அதே தொகையோடு போய் நிற்க வேண்டும். கால் ஊன்றி வேலைக்குப் போகத் தொடங்கிய உடனேயே அவர் தலையில் ஏறும் கடன் அது. “இந்த விருந்தில் மொய் நோட்டு இல்லை, தருவது உதவி மட்டுமே, திருப்பிச் செய்ய வேண்டியதில்லை” என்று அழைப்பிதழிலும் பந்தல் வாசலிலும் எழுதி வைப்பதோடு, ஒலிபெருக்கியிலும் சொல்லுங்கள். அந்தக் குடும்பம் ஏற்கெனவே பிறருக்கு மொய் செய்து வைத்திருந்தால், அதைத் திருப்பித் தர வருகிறவர்களுக்கென்று வேறொரு நோட்டைத் தனி மேசையில் வைப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

விருந்துச் செலவு திரளும் பணத்திலிருந்து போகக் கூடாது. அரிசி ஒருவர், காய்கறி ஒருவர், வாழை இலை ஒரு தோப்புக்காரர், பாத்திரமும் பந்தலும் வாடகைக்கடைக்காரர் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள். சமையல்காரர் கூலியை ஒருவர் பொறுப்பேற்கலாம். கறி விருந்து வேண்டியதில்லை. சாம்பார், பொரியல், பாயசம் போதும், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடவும் முடியும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி பெறுங்கள்.

மேசையில் மூன்று பேர் உட்கார வேண்டும். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணித் தொகையை வாய்விட்டுச் சொல்ல, அடுத்தவர் எழுத, மூன்றாமவர் வரிசை எண்ணிட்ட ரசீதைக் கிழித்துக் கொடுப்பார். கொடுப்பவர் பெயர் சொல்ல விரும்பாவிட்டால் ‘அன்பர்’ என்று எழுதினால் போதும். தொகையைப் பொது ஒலிபெருக்கியில் அறிவிப்பது கூடாது. 5,000 கொடுத்தவர் பெயர் முழங்கிய பிறகு 50 ரூபாயோடு வரிசையில் நிற்கும் பாட்டி திரும்பிப் போய்விடுவார். பந்தி முடிந்ததும் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், 500 ரூபாய்த் தாள் எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று தாள்வாரியாக எண்ணி, ரசீதுப் புத்தகத்தின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டு, அந்தப் பக்கத்தில் மூவரும் கையெழுத்திட வேண்டும். மறுநாள் வங்கி திறந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, செலுத்துச் சீட்டின் படத்தைக் குழுவில் போடுங்கள். அதிலிருந்து ஆட்டோவுக்கு 200, தண்ணீர்க் கேனுக்கு 300 என்று எடுத்துவிட்டு மீதியைக் கட்டும் பழக்கம் சிறியதாகத் தோன்றினாலும், பிற்பாடு கணக்கு இடிப்பது அங்கேதான்.

வீடு திரும்பிய பிறகு

இந்தக் கட்டத்தில் பணத்தைக் காட்டிலும் ஆள் உதவி பெரிது. வாரத்தில் எந்த நாளில் யார் காரை எடுத்துக்கொண்டு இயன்முறைச் சிகிச்சைக்கு அழைத்துப் போவது, எந்த வீட்டிலிருந்து மதியச் சோறு வருவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது யார் என்று ஒரு தாளில் எழுதி அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கவனித்துக்கொள்ளும் மனைவிக்கோ அம்மாவுக்கோ வாரத்தில் ஒரு நாளாவது முழு இரவு தூக்கம் கிடைக்க, அண்டை வீட்டார் முறை வைத்துக்கொள்வது எந்த நன்கொடைக்கும் குறைந்ததல்ல.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால், தனியார் கட்டணத்தில் ஒரு பகுதி மிச்சமாகும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சிறப்பு மறுவாழ்வுப் பயிற்சி மிக இன்றியமையாதது, வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு நிலையம், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை ஆகியவற்றில் விசாரியுங்கள். 1954இல் சாலை விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்; பாகாயம் நிலையம் 1966இல் அவருடைய முயற்சியால் உருவானது. அங்கே போய்ச் சில வாரங்கள் தங்கிப் பயிற்சி பெறும் செலவையும் தொடக்கத்திலேயே இலக்கில் சேர்த்துவிடலாம். நிரந்தர ஊனம் உறுதியானால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். சக்கர நாற்காலி, செயற்கைக் கால், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவை அங்கிருந்தே கிடைக்க வழியுண்டு.

அடிபட்டவர் பேசவும் எழுதவும் தேறிய நாளிலிருந்து கணக்கு நோட்டு அவர் கைக்கும் போக வேண்டும். எந்தச் செலவுக்கு எவ்வளவு என்பதில் அவர் சொல்லே முடிவாக இருக்கட்டும். பணம் கொடுத்துவிட்டோம் என்ற உரிமையில் “ஏன் புது மொபைல், ஏன் பிரியாணி” என்று கேட்கும் குரல்கள் எழுந்தால், பொறுப்பாளர்கள் அவற்றைத் தாங்களே எதிர்கொண்டு நிறுத்த வேண்டும். அந்த வீட்டு வாசல் வரை போக விடக் கூடாது.

இலக்குத் தொகை சேர்ந்ததும் வசூலை நிறுத்துங்கள். தேநீர்க்கடையிலும் சலூனிலும் ஒட்டிய கியூஆர் தாள்களைக் கிழித்தெடுத்து, வாட்ஸ்அப்பில் “வசூல் நிறைவுற்றது, இனி அனுப்ப வேண்டாம்” என்ற செய்தியைப் பழைய வேண்டுகோள் போன எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புங்கள். ஆறாம் மாத முடிவில் மிச்சம் இருந்தால் என்ன செய்வது என்பதை முதல் வேண்டுகோளிலேயே சொல்லியிருக்க வேண்டும்: முறிந்த எலும்பை இணைக்க உள்ளே வைத்த தகட்டை எடுக்கும் அறுவை சிகிச்சை பின்னால் வரக்கூடும் என்பதால், அதற்கென்று குடும்பத்தின் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போட்டு வைப்பது பொருத்தம். வரவு செலவு நோட்டையும் ரசீது அடிக்கட்டைகளையும் வங்கி அறிக்கையையும் ஒரு கோப்பில் கட்டி, இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பு வந்து பணம் பெற்று முடியும் வரை பொறுப்பாளர்களில் ஒருவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.